மதியச் சாப்பாட்டில் சொன்ன ஓகே

டீம் லீட் பதவி உனக்குத்தான் என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார். மென்பொருளின் இந்தப் புது ரிலீஸ் ஒழுங்காகப் போகட்டும், அறிவித்துவிடலாம் என்றார். அந்த ரிலீஸில்தான் என் தலையில் இடி விழுந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆபீஸ். கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிறோம். நாங்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்துக் கட்டித்தரும் பில்ட் கருவியில், அதில் செருகிய துணை நிரல்களான இரண்டு ப்ளகின்கள் திடீரென்று முட்டிக்கொண்டன. ஒன்று அறிக்கை தயாரிப்பது, மற்றது சோதனைகளை ஓட்டுவது. இரண்டுக்கும் ஒரே லைப்ரரிதான், அதாவது பிறர் எழுதிவைத்த ஒரே நிரல் தொகுப்புதான் வேண்டும். ஆனால் முதலாவதுக்குப் பழைய வெர்ஷன், இரண்டாவதுக்குப் புதியது. கருவி தன் இஷ்டத்துக்குப் புதியதை எடுத்துக்கொள்ள, அறிக்கை ப்ளகின் படுத்துவிட்டது. எதை எது இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

என் தோழியிடம் சொன்னேன். அவளும் நானும் கிள்ளானிலிருந்து ஒரே ரயிலில் வருகிறவர்கள். அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். நான் எழுதுவதை அவள் சரிபார்த்து ஓகே அழுத்த வேண்டும் என்பது ஆபீஸ் விதி. எங்களுக்குள் அதெல்லாம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலேயே முடிந்துவிடும்.

“பழைய வெர்ஷனயே பூட்டி வச்சிடு லா. ரிலீஸ் போகட்டும், மண்டே வந்து அந்த ப்ளகின மாத்திக்கலாம்” என்றாள், ரசச் சோற்றைப் பிசைந்தபடி.

“டெஸ்ட் ப்ளகின் ஒழுங்கா ஓடுமா டி?”

“பச்சைதானே காட்டுது? நான் ஓகே சொல்லிட்டேன், போடு. அப்புறமா க்ளிக் பண்ணிடறேன்.”

அவள் க்ளிக் பண்ணும்வரை காத்திராமல் போட்டேன். திரையில் பச்சை காட்டியது உண்மைதான். பழைய லைப்ரரியோடு ஒத்துப்போகாத அந்த ப்ளகின், ஒரு சோதனையைக்கூட ஓட்டாமலே எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டிருந்தது. சோதனை ஓடியிருந்தால் மாட்டியிருக்கக்கூடிய நேரப் பிழை ஒன்று கிளினிக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. காலை பத்து மணிக்கு வரவேண்டிய நோயாளிகளுக்கு மாலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று செய்தி போனது.

மீட்டிங்கில் மேனேஜர், இதை யார் சரிபார்த்தது என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். சரிபார்க்க என்னிடம் வரவே இல்லை என்றாள்; அந்த ஓகேயை அவள் அழுத்தியிருக்கவே இல்லை. நீதானே போடச் சொன்னாய் என்றேன். “லஞ்சில் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், அது ரிவ்யூ ஆகாது” என்று நல்ல ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். 

அறிக்கை ப்ளகினைப் புதிய வெர்ஷனுக்கு ஏற்றி, பழைய லைப்ரரிக்குப் போட்டிருந்த பூட்டை எடுத்தேன். இரண்டும் சமாதானமாயின. அந்த வாரமே அவளை லீட் ஆக்கினார்கள். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி, என்ன கண்றாவியோ!

அன்று மாலை ரயில் பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோபமா டி? லஞ்ச்ல பேசினத போய் மீட்டிங்ல இழுக்கலாமா? அதெல்லாம் கணக்கே இல்ல லா.”

 அதே வாழையிலைக் கடையில் தன் கல்யாணம் நின்றுபோனதைச் சொல்லி அவள் அழுததும், என் அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன. எங்களுக்குள் இருந்ததெல்லாமே லஞ்சில் பேசியதுதான்.