அண்ணனின் ரிமோட் லாரிக்குப் புது டயர்

பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணனுக்கு வலது கை எழவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. போன மாதம் அலமாரியைக் காட்டி, "என் லாரிய எடும்மா" என்றார்.

கல்லூரி நாளில் அவர் வாங்கிய ரிமோட் லாரி. மோட்டார் ஓடியது. டயர்கள்தான் தொட்டதும் உதிர்ந்தன. சின்ன காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் அந்த டயர் இல்லை.

இந்தக் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். "பழைய டயர அளக்காதீங்க, சுருங்கியிருக்கும். உள்ள இருக்கிற சக்கரத்த அளந்து சொல்லுங்க" என்றார் ஒரு நண்பர். சொன்னேன்.

இன்று அவர் அனுப்பிய டயர்கள் வந்தன. ஒட்டிக் காயவைத்து, ரிமோட்டை அண்ணனின் இடது கையில் கொடுத்தேன். லாரி நேராகச் சமையலறைக்குப் போய் அண்ணியின் காலில் முட்டியது.

"பாத்து ஓட்டுங்க, காய் அரிஞ்சிக்கினு இருக்கேன்" என்றார் அண்ணி.

அண்ணன் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இதுதான் முதல் சிரிப்பு.

ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் நானோ அண்ணியோ எழுந்துபோய்த் திருப்பி வைக்கிறோம். சரிசெய்யத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரமில்லை.