மதாமுக்கு ஏழு வாரப் பத்தியம்

புதுச்சேரியில் கடலுக்கு நாலு தெரு தள்ளி மெஸ் வைத்துக்கொண்டு மீன் போடமாட்டேன் என்கிற மனிதனை என்னவென்று சொல்வது? காத்தவராயனை ஊர் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தது. வள்ளலார் பக்தராகிவிட்டார் என்றது. கஞ்சத்தனம் என்றது. மில்லில் இருபத்தாறு வருஷம் தறிச் சத்தத்தில் நின்றதில் காதோடு சேர்ந்து புத்தியும் மந்தமாகிவிட்டது என்றுகூட ஒருத்தர் சொன்னார். காத்தவராயன் பலகையில் ‘சைவம்’ என்று பெரிதாக எழுதி வாசலில் மாட்டிவிட்டு, தன்பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் அவர் மனைவி முத்தம்மாள். மீனவர் ஊரான கனகசெட்டிக்குளத்துப் பெண். மீன் இல்லாத சோற்றைச் சோறு என்று ஒப்புக்கொள்ளாதவள். எழுபத்தாறாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டு கல்லீரல்வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த வயதான டாக்டர் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். மருந்தைவிட ‘ரெஜீம்’தான் முக்கியம் என்றார். எண்ணெய் கூடாது, வெண்ணெய் நெய் கூடாது, பால் தயிர் கூடாது, முட்டை, மீன், கறி வாசனையே கூடாது. அந்த வார்டில் பத்தியத்துக்கு ‘ரெஜீம்’ என்றுதான் பெயர். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த அரியாங்குப்பத்து வைத்தியரும் அதையே சொல்லி, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் இருக்கவேண்டும் என்று கணக்கும் கொடுத்தார்.

முத்தம்மாள் முப்பது நாள் இருந்தாள். முப்பத்தொன்றாம் நாள் மீன் வேண்டும் என்று அழுதாள். காத்தவராயன் மனம் கேட்காமல் வாங்கி வந்து தன் கையாலேயே குழம்பு வைத்துக் கொடுத்தார். நாற்பதாம் நாள் அவள் போய்விட்டாள். மீன்தான் கொன்றது, அதைக் கொடுத்த கைதான் கொன்றது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். டாக்டரிடம் கேட்கவில்லை. மச்சான்மார்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இல்லாததால் வீட்டிலும் சொல்ல ஆள் இல்லை. மறுவருஷம் மில்லில் ஆட்குறைப்பு வந்தபோது வீட்டு முன்கட்டில் நாலு பெஞ்சு போட்டு மெஸ் ஆரம்பித்தார்.

மத்தியானம் பதினைந்து இருபது பேர் வந்து சாப்பிடுவார்கள். இரண்டு மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் கீரைக்காரி வருகிறவரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. சாயங்காலங்களில் சில நாள் காலி பெஞ்சைத் துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான், அவருக்கு அந்த நேரம் பயமாக இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசக் கடைசியில் மெஸ் வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, வெளுத்த முகம், தோளில் துணிப்பை. பழைய காகிதங்களைப் பார்த்து எழுத வந்திருக்கிறாராம். பெயர் ஒதீல். வெள்ளைக்கார அம்மாள் என்றால் ஊருக்கு ‘மதாம்’தான். மூன்று நாளாக ஊரில் சோற்றுக்கு அலைந்திருக்கிறார். ஓட்டலில் தோசை கேட்டால் நெய் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். வேண்டாம் என்று கையாட்டினால் வெண்ணெய் வைக்கிறார்கள். சைவச் சாப்பாடு என்று உட்கார்ந்தால் இலையில் தயிர் விழுந்துவிடுகிறது. காபி என்றால் பால்தான், அதில் கொஞ்சம் காபி. ரொட்டிக் கடையில் வெறும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக் கடற்கரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவருக்கு யாரோ இந்த மெஸ்ஸைக் காட்டியிருக்கிறார்கள்.

மில் பிரெஞ்சுக்கார மேஸ்திரிகளிடம் இருந்தபோது பொறுக்கிய ஐம்பது அறுபது பிரெஞ்சு வார்த்தைகள் காத்தவராயனிடம் இருந்தன. மதாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னதை அவர் உன்னிப்பாகக் கேட்டார். பால் கூடாது. வெண்ணெய் கூடாது. முட்டை கூடாது. மீன் கூடாது. கடைசியாக நெஞ்சில் கைவைத்து, “செ மொன் ரெஜீம்”, இது என் ரெஜீம், என்றார் மதாம்.

முத்தம்மாளுக்கு டாக்டர் சொன்ன அதே பட்டியல், அதே வார்த்தை. இந்த அம்மாளுக்கும் ஈரல்தான் என்று காத்தவராயன் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. இல்லாவிட்டால் ஊரில் எந்த மனிதர் பாலை வேண்டாம் என்கிறார்? என்ன வியாதி என்று முகத்துக்கு நேரே கேட்பது நம் வழக்கமில்லை. எத்தனை நாள் என்பதை மட்டும் கேட்டார். எத்தனை நாள் ஊரில் தங்குவாய் என்று கேட்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்ட மதாம், “செத் செமேன்” என்றார். செத் என்றதும் காத்தவராயன் ஒரு கணம் பதறிப்போனார். பிறகுதான் அது பிரெஞ்சில் ஏழு என்று நினைவுக்கு வந்தது. ஏழு வாரம், நாற்பத்தொன்பது நாள். மண்டலத்தைவிட ஒரு நாள் கூடுதல்.

உட்காரச் சொல்லி இலை போட்டார். இந்த ஒரு உயிரையாவது பத்தியம் முறியாமல் கரையேற்றிவிடவேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் சபதம் எடுத்தாயிற்று.

அதன்பிறகு மதாமுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. புழுங்கலரிசிச் சோறு குழைய வடித்து, அதன்மேல் உப்பு குறைத்து வேகவைத்த பருப்பு. தாளிப்பு கிடையாது. மிளகாய் கிடையாது, புளி கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. அவித்த சுரைக்காய், அவித்த புடலங்காய், அவித்த கீரை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர் கீழாநெல்லிச் சாறு, பச்சைப் பசேலென்று. மதாம் முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். காத்தவராயன் எதிரில் கைகட்டி நின்றார். மதாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு “மெர்சி” என்றார். தினமும் இதே கதைதான்.

பக்கத்து பெஞ்சில் கொத்தனார்களும் அச்சாபீஸ் ஆட்களும் நல்லெண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்பை விட்டுப் பிசைந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். மதாமின் பார்வை அந்த இலைகளின் பக்கம் போகும். காத்தவராயன் அதைக் கவனிப்பார். முத்தம்மாளும் கடைசியில் இப்படித்தான் அடுத்த வீட்டு அடுப்பின் வாசனைக்குத் திரும்பிப் பார்ப்பாள். உடனே காத்தவராயன் நடுவில் வந்து நின்று மறைத்துக்கொள்வார்.

இரண்டாவது வாரத்திலிருந்து மதாம் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகாமல் கொஞ்சநேரம் உட்கார ஆரம்பித்தார். அவருக்கும் ஊரில் பேச ஆள் இல்லை போலிருக்கிறது. கூட்டம் போனபிறகு அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்வார். காத்தவராயன் தமிழில், அன்றைக்குச் சந்தையில் வெண்டைக்காய் முற்றலாக இருந்ததைச் சொல்வார். மதாம் தலையாட்டுவார். இருவருக்கும் பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் அந்த அரைமணி நேரத்துக்காகக் காத்தவராயன் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு குரல் கேட்டது. அது போதுமாக இருந்தது.

சோறு போடும் சாக்கில் குனிந்து மதாமின் கண் வெள்ளையைப் பார்த்துக்கொள்வார். தலைமுடியே வெளிர்மஞ்சளாக இருக்கிறவரிடத்தில் வியாதியின் மஞ்சளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது சாமானிய வேலையில்லை. நாலாவது வாரம் புதுச்சேரி வெயில் மதாமின் முகத்தைச் சிவக்க வைத்தது. ரத்தம் ஊறுகிறது என்று காத்தவராயன் சந்தோஷப்பட்டார். முத்தம்மாள் மீன் கேட்ட முப்பத்தொன்றாம் நாள் மட்டும் அவர் மதாமின் இலையை விட்டு நகரவே இல்லை. மதாம் அன்றைக்கும் சுரைக்காயைத் தின்றுவிட்டு எழுந்தபோது காத்தவராயன் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நாற்பத்தெட்டும் முடிந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மதாம் மதராஸ் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. பத்தியத்தை முறிப்பதென்றால் நல்லபடியாக முறிக்கவேண்டும். காத்தவராயன் விடிகாலையில் எழுந்து உழவர்கரையில் மாடு வைத்திருக்கும் வீராயியிடம் பசும்பாலும், அவள் காய்ச்சிய நெய்யும் வாங்கி வந்தார். பாலைச் சுண்டவைத்துச் சேமியாப் பாயசம். வடை. மதாம் வந்து உட்கார்ந்ததும் தலைவாழை இலை போட்டு, சோற்றில் குழி செய்து, நெய்யை மூன்று கரண்டி தாராளமாக ஊற்றினார். மெஸ்ஸே மணத்தது.

மதாமின் முகம் மாறியது. இலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ரெஜீம் ஃபினி, ஃபினி” என்று, பத்தியம் முடிந்தது என்கிற அர்த்தத்தில், காத்தவராயன் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

நல்லவேளையாகச் சின்னக்கண்ணு அப்போது உள்ளே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர். மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து சாப்பிடுகிறவர். மகளின் பிரசவத்துக்காகக் காரைக்கால் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்து இரண்டு பக்கமும் பேசினார்கள். சின்னக்கண்ணு கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையைச் சொறிந்தார்.

“ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லியாம்ப்பா. எந்த ஜீவன்கிட்டேயிருந்தும் எதையும் எடுக்கக்கூடாதுன்னு அவங்களாவே வெச்சிக்கிட்ட கொள்கையாம். சாவற வரைக்கும் அப்படித்தானாம்.”

காத்தவராயனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏழு வாரமாக ஓர் உயிரை எமனிடமிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்த கை சட்டென்று காலியாகிவிட்டது. அவர் யாரையும் காப்பாற்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, அந்த அம்மாள் பட்டினியாகப் போகக்கூடாது என்ற ஒன்று மட்டும்தான் அவருக்கு அப்போது தோன்றியது. பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டு, வெறும் சோற்றை வைத்து, கொத்தனார்களுக்கு வைத்திருந்த கத்தரிக்காய்க் காரக்குழம்பை ஊற்றினார். நல்லெண்ணெய், புளி, மிளகாய், பூண்டு. பாலும் இல்லை, நெய்யும் இல்லை.

மதாம் ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மூக்கில் தண்ணீர் வர வர மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இலையை வழித்துவிட்டுத்தான் சின்னக்கண்ணுவிடம் ஏதோ கேட்டார்.

“இது தினமும் இங்கதானே இருந்துச்சி, ஏழு வாரமா எனக்கு ஏன் போடலன்னு கேக்கிறாங்க. பால் இல்லாத சாப்பாடுன்னா இந்த ஊர்ல அவிச்ச சுரைக்காதான்னு நெனச்சிக்கிட்டிருந்தாங்களாம்.”

காத்தவராயன் கரண்டியைக் கீழே வைத்தார். மதாமின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“எம் பொண்டாட்டிக்கு இதே ரெஜீம். நடுவுல மீன் குடுத்தது நான்தான். ஒம்பது நாள்ல செத்துட்டா. இவங்களுக்கும் அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான்... அண்ணே, அவங்களுக்குச் சொல்லுங்க.”

சின்னக்கண்ணு மதாமின் பக்கம் திரும்பிச் சுருக்கமாக ஏதோ சொன்னார். அதில் ‘பிமான்’ என்ற வார்த்தை காத்தவராயனின் மந்தக் காதிலும் விழுந்தது. மிளகாய். காரம் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டாராம் என்று சொல்லியிருக்கிறார். மதாம் சிரித்தார். காத்தவராயனைப் பார்த்துச் செல்லமாக விரலை ஆட்டினார். கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு சந்தின் முனையில் நின்ற ரிக்‌ஷாவில் ஏறினார். திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். காத்தவராயனும் ஆட்டினார். ரிக்‌ஷா போனபிறகும் வாசலிலேயே நின்றார்.

கூட்டம் கலைந்துவிட்டது. சின்னக்கண்ணு மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவாமல் உட்கார்ந்திருந்தார். காத்தவராயன் உள்ளே வந்து அவருக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தான் சொன்னதை ஏன் மதாமிடம் அப்படியே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பாயசம் அடுப்பில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“என்னா மீனுப்பா?” என்று சின்னக்கண்ணு கேட்டார்.

“வவ்வாலு மீனு.”

“சாப்ட்டாளா?”

“ரெண்டு துண்டும் சாப்ட்டா. நல்லாருக்குன்னா.” காத்தவராயன் துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார். “மூணாவது ஒண்ணு கேட்டாண்ணே. பத்தியம்னு சொல்லி நான்தான் குடுக்கல.”