அப்பாவின் ஸ்லைடு பழுப்பாகவில்லை

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அவர் பெயின்டர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. இருமல் வந்தபோது பெயின்ட் நெடி என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்பு வரை போயிருந்தது.

நான் சேலத்தில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். புற்றுநோய்த் திசுவில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது என் வேலை. புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். நுரையீரல் புற்றில் சில புரதங்கள் தெரிந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுப் பல ஆண்டுகள் வாழ்கிறவர்களும் உண்டு. என் செபம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. பழுப்பு, ஆண்டவரே, பழுப்பு.

அப்பாவின் திசு எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. சொந்தக்காரர்களின் திசுவை நாங்கள் தொடுவதில்லை. என்னோடு வேலை செய்யும் கவிதா செய்தாள். நான் பக்கத்து மேசையில் செபமாலையைக் கோட்டுப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

நீலம்.

வரிசையாகக் கேட்டேன். மருந்து காலாவதியா? சூடு சரியா? கழுவியது சரியா? கவிதா திசு வைத்த கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தைக் காட்டினாள். சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அந்தப் புரதம் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு திசுத்துண்டையும் அதே ஸ்லைடில் வைப்போம். அது நன்றாகப் பழுப்பாகியிருந்தது. தவறு எங்கேயும் இல்லை.

"இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன்டி," என்றாள். போட்டாள். மறுபடியும் நீலம். மற்றப் புரதங்களும் கைகொடுக்கவில்லை. கீமோ தொடங்கிய மருத்துவர், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்பாவிடம் நாங்கள் சொன்னது நெஞ்சுச் சளி. உண்மையைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்தைக் கொடுக்க வந்த பங்குத்தந்தையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எண்ணெயோட உங்களப் பாத்தா அன்னிக்கே மனச உட்டுருவாருங்க ஃபாதர்." எங்கள் கோவில் பங்கில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நினைவு தப்பிய பிறகுதான் ஃபாதரைக் கூப்பிடுவார்கள்.

அப்பாவைக் குணமாக்கும் என்று ஆண்டவரிடம் கேட்க எனக்குத் தெம்பு இல்லாமல் போனது. அப்பா நினைவோடு இருக்கும்போதே அந்த அருட்சாதனத்தைப் பெற வேண்டும், அதற்கு இந்த வீட்டில் யாராவது வாய் திறக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். என் வாய் திறக்கவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய புனித வாரத்தில் அப்பாவுக்கு மூச்சு மிகவும் வாங்கியது. ஒரு காலையில் அம்மா கஞ்சி ஊட்டும்போது கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நெஞ்சுச் சளிக்குத் தலமுடி கொட்டுமா?"

நான் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"துரு மேல எத்தன கோட்டு அடிச்சாலும் நிக்காதுன்னு பெயின்டருக்குத் தெரியாதா? உங்கம்மா அழுவாளேன்னுதான் கேக்காம கெடந்தேன். ஃபாதரக் கூப்புடுங்க. செபத்துக்கு நானே பதில் சொல்லோணும்."

அம்மா அழுதார். "நீங்க பயந்துக்குவீங்கன்னுதானுங்க மறச்சேன்."

"மறைக்கற மூஞ்சியப் பாரு," என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

அன்று மாலையே பங்குத்தந்தை வந்தார். அப்பா தன் பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஃபாதர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசியபோது, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, ஒவ்வொரு செபத்துக்கும் அப்பாவே ஆமென் சொன்னார். பிறகு அப்பா அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் அப்பா போய்விட்டார்.

முதலில் நான் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்களிடம் சொல்லவும் மாட்டேன். இரண்டாவதாகக் கேட்டதை ஆண்டவர் அப்பாவின் வாயாலேயே கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அழுதுகொண்டே. இப்போது ஒவ்வொரு திசுவையும் கையில் எடுக்கும்போது, நான் பார்த்திராத அந்த நோயாளியின் வீட்டுக்காகச் செபிக்கிறேன். அம்மா எங்கள் பங்கில் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிறார். "எங்க ஊட்டுக்காரரு பயப்படவே இல்லீங்க, நாங்கதான் பயந்துட்டு இருந்தோம்," என்று சொல்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது நோயில் கிடந்தால், ஆண்டவரை நம்பி ஃபாதருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்களால் பேச முடிகிறபோதே திறந்துவிடுங்கள்.