பானெட்டைத் திறக்குமுன் காதர் பாய் கேட்ட கேள்விகள்

காதர் பாய் இறந்துவிட்டார் என்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் ராயக்கோட்டையில் என் மண்டி வாசலில் நின்று சொன்னபோது, நான் முதலில் கேட்டது, "யார் சொன்னது?" என்பதுதான்.

"எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்லும் சரக்கை நான் அவ்வளவு சீக்கிரம் வாங்குவதில்லை. நீங்கள் பார்த்தீர்களா, அவருடைய லாரிப் பட்டறை முன்னால் கூட்டம் நின்றதா என்று அவரை நிறுத்தி விசாரித்தேன். பட்டப்பகலில் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது என்றார். அதன் பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சாவுச் செய்தியையும் இப்படியா சோதிப்பது என்று சிலர் நினைக்கலாம். பாயின் பட்டறையில் காத்துக் கிடந்தவர்கள் நினைக்கமாட்டார்கள். என் இடத்தில் அவர் இருந்திருந்தால் கண்டக்டர் இன்னும் பஸ் ஏறியிருக்கமாட்டார்.

கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டில் இருந்த அவருடைய தகரக் கொட்டகைக்கு லாரியைக் கொண்டுபோன எல்லாருக்கும் அவருடைய வழக்கம் தெரியும். வண்டியை நிறுத்தியதும் ஸ்பானரை எடுக்கமாட்டார். டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். கிளீனரைத் தனியாகக் கேட்பார். கடைசியில் சொந்தக்காரரைக் கேட்பார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னால் அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிடும். "வர்ற வழியிலேயே பேசிவச்சிக்கிட்டு வந்திருக்கீங்க" என்பார். முதல் தடவை நான் போனபோது என்ன ஏற்றினீர்கள் என்றார். புளி என்றேன். "புளி மட்டுந்தானா, மண்டிக்காரரே?" என்று கேட்டுக்கொண்டே வண்டியின் பாரம் தாங்கும் பின்பட்டை வளைந்திருப்பதைத் தடவிப் பார்த்தார். புளியோடு கொஞ்சம் கல்லும் ஏற்றியிருந்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சொல்லவந்தது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த, பெட்ரோலில் ஓடும் என் லாரியைப் பற்றி. சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் புளியையும், சீசனில் நாகரசம்பட்டி மாங்காயையும் ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் முனியப்பன். ஓசூர்ப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒரு கோடையில் வண்டி திடீரென்று பெட்ரோலைக் கண்டபடி குடிக்க ஆரம்பித்தது. வண்டி குடிக்கிறதா, வழியில் யாராவது குழாய் போட்டு உறிஞ்சி விற்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. முனியப்பனைக் கேட்டால், "எப்பவும் போலத்தான் ஓடுது மொதலாளி" என்பார். முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் நானே கூட ஏறினேன். கிருஷ்ணகிரி சந்தை முனையில் வண்டியை அணைக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் ஜுரம் கண்டவன் போல உதறியது, தானாகவே அணைந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஒரு இருமல், அதோடு சரி. ஆள் வைத்துத் தள்ளி பாய் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இறங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன்: பெட்ரோலைத் திருடியதோடு வண்டியையும் கெடுத்திருக்கிறான், இன்றோடு அனுப்பிவிடுவது. திருடன் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை எந்த முதலாளியும் அவரிடம் வண்டி கொடுக்கமாட்டார். அது எனக்கும் தெரியும், முனியப்பனுக்கும் தெரியும். பாயிடமும் முடிவைச் சொன்னேன்.

"அனுப்புறது உங்க இஷ்டம். அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட அவன் பேசட்டும்" என்றார்.

வழக்கமாக டிரைவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போவார். அன்று கூட்டிப்போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரிலேயே நிற்கவைத்துத் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆனால் ஊரில் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. சரக்கு விற்க வருகிறவர்கள் என் முன்னாலேயே தங்களுக்குள் கடைசி விலையைப் பேசிக்கொள்வார்கள்; அதனால்தான் இந்த எல்லையில் நான் பிழைத்தேன். அன்றும் ஒன்றும் புரியாதவனாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மண்டிக்காரன் தன் மூச்சையே தராசுல நிறுத்துத்தான் விடுற ஆளு. இவன்கிட்ட சொல்லாததை என்கிட்ட சொல்லு. எடுத்தியா?" என்று பாய் தெலுங்கில் கேட்டார்.

"எடுக்கல பாய். அணைச்சா கெளம்ப மாட்டேங்குது. அதனால அணைக்கிறதே இல்ல. லோடு ஏத்துறப்ப, சாப்பிடுறப்ப, எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கிளீனர் ஆக்சிலேட்டரை மிதிச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"இதை ஏன் சொல்லல?"

"சொன்னா, நீதான் வண்டிய கெடுத்தேன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரு. சொல்லலைன்னா எத்தனை நாள் ஓடுதோ அத்தனை நாள் சோறு."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு எழுத்தைக்கூட நம்பியிருக்கமாட்டேன். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னதால் நம்பினேன்.

பாய் அதையும் நம்பவில்லை. பிளக்குகளைக் கழற்றி முகர்ந்தார். தீப்பொறி தரும் பாயிண்டைத் தேய்த்தார். கடைசியில் கார்புரேட்டரைப் பிரித்து, ஊசிமுனை அளவுத் துளையுள்ள ஒரு ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். துளையில் வெளிச்சம் வரவில்லை. மெல்லிய கம்பியால் குத்தினார். பஞ்சுநூல் வந்தது. காலை வைத்து ஓட்டும்போது பெட்ரோல் பெரிய வழியில் போகிறது, காலை எடுத்தால் இந்தச் சின்ன வழிதான், கிளப்பவும் இதுதான் வேண்டும் என்றார். பெட்ரோல் டாங்கிக்குள் பஞ்சுநூல் எப்படிப் போகும்? முனியப்பன்தான் சொன்னார். நம் பக்கம் மதுவிலக்கு. திரும்பி வரும்போதெல்லாம் எல்லைச் சோதனைச்சாவடியில், டாங்கியில் இருப்பது சாராயமா என்று பார்க்க, குச்சியில் கந்தைத்துணி சுற்றி உள்ளே விட்டு, எடுத்து முகர்வார்களாம்.

"அப்படின்னா முனியப்பன் மேல தப்பில்ல" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நூலு வண்டி ஏன் நிக்குதுன்னு சொல்லுது. முனியன் திருடலைன்னு சொல்லுதா? ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க."

டாங்கி வாயில் பித்தளை வலை ஒன்றை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். அடுத்த தடவை சாவடியில் குச்சி உள்ளே போகாததால், எதையோ மறைக்கிறாய் என்று வண்டியை அரை நாள் நிறுத்திவைத்தார்கள். அதைக் கேட்டு பாய் ரொம்ப சந்தோஷப்பட்டார். "அந்த போலீஸ்காரன் நம்ம பட்டறைக்கு வரவேண்டிய ஆளு" என்றார்.

பெட்ரோல் செலவு இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. அதைச் சொல்ல மறுபடி போனேன். ஒரு தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மிச்சத்துக்கு, ஒண்ணு வண்டிக்கு வயசாயிடுச்சு. இல்லன்னா முனியன் எடுக்கிறான். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. என்ஜினைப் பிரிச்சுப் பாத்துட்டேன், ஆளைப் பிரிச்சுப் பாக்க முடியாது. தெரியாத ஒண்ணுக்காக ஒருத்தன் சோத்துல மண்ணைப் போடணும்னா போடுங்க, அதுக்கு என்கிட்ட சாட்சி கேக்காதீங்க."

நான் முனியப்பனை அனுப்பவில்லை.

போன மாதம் பாயைப் பார்க்கப் போனேன். மூச்சிரைப்பு அதிகமாகிப் படுத்துவிட்டிருந்தார். என்ன மருந்து, யார் கொடுத்தது, கொடுத்தவர் நிஜமாகவே டாக்டரா என்றெல்லாம் வீட்டாரைக் கேட்டுத் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெலுங்கில், "வாங்க, உட்காருங்க" என்றார். நான் நின்றபடியே கேட்டேன்.

"எப்பத்திலிருந்து தெரியும் பாய்?"

"அன்னைக்கு வேணும்னேதான் உங்களைக் கேலி பண்ணேன். மூஞ்சி அசையல. காது மட்டும் செவந்துபோச்சு. நேரா சொன்னா நம்புற ஆளா நீங்க? ஒட்டுக்கேட்டாத்தானே நம்புவீங்க. அதான் எதிர்லயே பேசவச்சேன்."

உடனே எனக்கு அடுத்த கேள்வி எழுந்தது. "எனக்குப் புரியும்னு முனியப்பனுக்கும் தெரியுமா?"

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "அதை நீங்கதான் விசாரிச்சுக்கணும், மண்டிக்காரரே."

அடக்கத்தன்று முனியப்பன் எனக்கு முன்பே வந்திருந்தார். எல்லாரையும் போல மூன்று கைப்பிடி மண் போட்டார். திரும்பும்போது லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அன்று தெலுங்கில் அவர் சொன்னது பாயிடம் சொன்னதா, என் காதில் விழட்டும் என்று சொன்னதா? கேட்டால் ஒரு பதில் சொல்வார். அந்தப் பதிலை நான் நம்பமாட்டேன். கேட்காமலே ராயக்கோட்டையில் இறங்கினேன்.

காதர் பாய் எனக்கு வைத்துவிட்டுப்போனது நம்பிக்கை என்று யாராவது சொன்னால் அவரே எழுந்துவந்து மறுப்பார். சந்தேகம் என்னிடம் அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே மறுநாள் காலையில் முனியப்பனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். அந்தப் பழக்கம் பாயிடமிருந்து வந்தது.