பாய் வீட்டு ஃபேன்

போன மாதம் ஒரு காலையில் என் மனைவி வீட்டைக் கழுவிவிட்டு, பீரோவில் பிரிக்காமல் கிடந்த புதுப் பெட்ஷீட்டை எடுத்துக் கட்டிலில் விரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போகிற முதல் ஆள் அவள். அதற்கான கட்டணச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டிருந்தோம். விசாரிக்க அன்றைக்கு வி.ஏ.ஓ. வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அக்கா, ஷூ கம்பெனிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னாடி இது, புதுசா விரிக்கிற?"

"வி.ஏ.ஓ. வர்றாரு அண்ணி."

"எடு அத. பழையதே போடு. வீடு எப்பவும் எப்டி கீதோ அப்டியே இருக்கட்டும்."

"ஆபீசர் வர்றப்ப அழுக்குத் துணியா போட்டு வைப்பாங்க?"

அக்கா லேசாகச் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு எதையும் வாயால் சொல்ல வராது. பெட்ஷீட்டை நானே மடித்துப் பீரோவில் வைத்தேன்.

அக்காவுக்காக இதேபோல ஒரு ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் பாலாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்குத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. முடி நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டி, எடுத்து, மறுபடி போடுவார்கள். அந்தத் தண்ணீர் நைனாவின் விரல்களைத் தின்றிருந்தது. சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும். அதனால் மோர் ஊற்றித்தான் சாப்பிடுவார்.

அக்கா அந்த வருடம் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை. வேலூரில் ஒரு காலேஜில் கணக்குப் பாடத்துக்கு இடமும் கொடுத்துவிட்டார்கள். பணம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லை என்று அக்கா சொன்னதும், காலேஜ் ஆபீஸில் இருந்த ஒரு அம்மா உதவித்தொகை பாரத்தைக் கொடுத்து, வருமானச் சான்றிதழ் வாங்கி வந்துவிட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். வாங்கி வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு எழுதுவார் என்றார்கள். அன்றைக்கே மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டுக்கு வந்து காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மாமா சீட்டு எடுத்தவர், சீட்டுக்கு ஜாமீன் போட்டவர், ஒரு முறை பேங்கில் லோன்கூட வாங்கியவர். பணம் கொடுக்கிறவன் மனசு எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

"பணம் குடுக்கறவன் முதல்ல வீட்டத்தான் பாப்பான். நாலு சாமான் இருந்தாதான் நம்பிக்கை வரும்" என்றார் மாமா.

அக்கா மட்டும் பாரத்தை எடுத்துக் காட்டினாள். "மாமா, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான்னு இதுல போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா போடுவாங்கம்மா. கம்மியா இருந்தா எவன் குடுப்பான்? நீ கணக்குல புலி, ஒத்துக்கறேன். இது உலகம்."

அம்மா மாமா பக்கம். நைனா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எம் பொண்ணு காலேஜுக்குப் போறா. ஒண்ணுமில்லாத வீடுன்னு எழுதிட்டுப் போணுமா அந்தாளு?"

அக்கா பாரத்தை மடித்துக்கொண்டாள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் கடன் கொடுத்தாலும், கம்பெனியில் அட்வான்ஸ் கொடுத்தாலும், உன்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் கிடைக்கிற பணத்தை எங்கள் வீட்டில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆர்.ஐ. வருகிற நாளில் பெண் பார்க்க வருவதுபோல வீடு தயாரானது. பக்கத்து வீட்டு பாய் தோல் துண்டு வியாபாரம் செய்பவர், நைனாவுக்கு தோஸ்த். அவர் வீட்டிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், பூப்போட்ட கண்ணாடிக் கப்புகள் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே டேபிள் ஃபேன். பச்சை நிறம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். எங்கள் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது. ஜன்னல் வழியாக பாய் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார்கள். கடிகாரத்தை மார்போடு அணைத்துக் கொண்டுவந்தவன் நான்.

பாய் கடைசியாக ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "அரே, சர்க்கார் ஆளு வர்றான்னா நாங்க இருக்கறதயே ஒளிச்சு வைப்போம். நீ இன்னாடான்னா இல்லாதத கொண்டாந்து வைக்கிறியே" என்றார்.

"அது டாக்ஸ், பாய். இது வேற" என்றார் மாமா.

பாய் தலையைச் சொறிந்துகொண்டு ஃபேனை வைத்துவிட்டுப் போனார்.

அம்மா சாம்பிராணி போட்டாள். நைனாமேல் எப்போதும் இருக்கும் தோல் வாடையைப் போக்க எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் தேய்த்துவிட்டாள். புண்ணில் சாறு பட்டு அவர் பல்லைக் கடித்துக்கொண்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையில் அவர் வேறு யாரோபோல இருந்தார்.

ஆர்.ஐ. சைக்கிளில் வந்தார். வழுக்கை விழுந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, ஏலக்காய் டீ கொடுத்தார்கள். காற்றில் அவருடைய காகிதங்கள் பறந்தன. ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, வசதியா வச்சிருக்கீங்க" என்றார்.

நைனாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கைகளை மடியில் இருந்த துண்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

"இன்னா வேலை?"

"கம்பெனில சார்."

"மச்சான் அங்க ரொம்ப வருஷமா கீறாரு சார். நாலு பேர வச்சு வேலை வாங்கறவரு" என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

"மாசம் எவ்ளோ வரும்?"

நைனா ஒரு தொகை சொன்னார். சம்பளம், ஓவர்டைம், தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் சேர்த்து, அதற்குமேலும் கொஞ்சம் போட்டு மாமா சொல்லிக்கொடுத்திருந்த தொகை அது. ஆர்.ஐ. பேனாவைத் திறந்தவர் எழுதவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கிட்ட எல்லாரும் கொறச்சுத்தான் சொல்லுவாங்க."

"உள்ளதத்தான் சொல்றேன் சார். எங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல" என்றார் நைனா.

ஆர்.ஐ. ஃபேனைப் பார்த்தார். ஃபேனிலிருந்து தரையில் ஓடி, சுவரேறி, ஜன்னல் வழியாக வெளியே போகும் ஒயரைப் பார்த்தார். பிறகு உள்கதவு ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நீதான் படிக்கப் போற பொண்ணா?"

"ஆமா சார்."

"நீ சொல்லும்மா. இதெல்லாம் உங்க வீட்டுதுதானா? அப்பா சொல்ற கணக்கு சரியா?"

ஃபேன் தலையைத் திருப்பி அக்கா பக்கம் வந்தது. அவள் பாவாடை ஆடியது. அக்கா ஆர்.ஐ.யைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தாள். நைனா முழுக்கைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். எங்களுதுதான்" என்றாள் அக்கா. "கணக்கும் சரிதான்."

ஆர்.ஐ. சிறிது நேரம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். டீயில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளும்போது மறுபடி திரும்பி வீட்டைப் பார்த்தார். நான் சல்யூட் அடித்தேன்.

சான்றிதழ் வந்தது. அதில் போட்டிருந்த வருமானத்துக்கு உதவித்தொகை கிடையாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். மாமா தாலுகா ஆபீஸுக்கு ஓடினார். "ஏம்பா, இல்லாதவனுக்குத்தாம்பா இது" என்று அங்கே சிரித்தார்களாம். மாற்றி எழுத வேண்டுமானால் வீட்டுக்காரரே நேரில் வந்து, முன்பு சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுக்கட்டும் என்றார்களாம். நைனா ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். ஆபீஸ் எதிரில் இருந்த டீக்கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார் என்று பாய் பிற்பாடு ஒரு நாள் சொன்னார். வீட்டுக்கு வந்து, "ஆபீசர் இல்ல" என்று மட்டும் சொன்னார். அக்கா சோறு போட்டு மோர் ஊற்றினாள். அதற்குள் காலேஜில் சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது.

ஷூ கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். அக்கா மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்கிறாள். ஐந்தாவதோடு நானும் நின்றுவிட்டேன். அந்த நாளைப் பற்றி நைனா சாகும்வரை பேசியதில்லை. மாமா மட்டும் அக்காவின் கல்யாணத்தில், காரணம் எதுவும் சொல்லாமல், பந்தலுக்குப் பின்னால் நின்று அழுதார்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஆர்.ஐ. போன பிறகு வந்த சாயங்காலம்தான்.

நைனா சட்டையைக் கழற்ற மனமில்லாமல் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "வசதியா வச்சிருக்கீங்கன்னுட்டாருப்பா" என்று போகிறவர் வருகிறவரிடம் சொன்னார். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு, எல்லாம் தன் யோசனை என்றார். அம்மா கப்புகளைக் கழுவித் துடைத்தாள். நாற்காலிகளை பாய் வந்து எடுத்துப் போனார். நான் மட்டும் ஃபேன் முன்னால் படுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அடம் பிடித்தேன்.

அக்கா வந்து ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். பாய் வீட்டில் ப்ளக்கைப் பிடுங்கினார்கள். ஃபேன் மெதுவாக நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து ஒயரை முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்ற ஆரம்பித்தாள். முறுக்கு விழாமல், ஒவ்வொரு சுற்றாக, நிதானமாகச் சுற்றினாள். நான் எழுந்து அவள் முதுகில் சாய்ந்துகொண்டேன்.

"அக்கா, உனக்குப் பணம் குடுத்துடுவாங்க இல்ல?"

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. தெருவிலிருந்து நைனாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நைனா மூஞ்சியப் பாத்தியாடா?" என்றாள். "எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

கொடுத்துவிடுவார்கள் என்றுதான் அவள் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேனை அவள் தூக்க, ஒயர்ச் சுருளை நான் தூக்கிக்கொண்டு, அக்கா வேலூருக்குப் போகப்போகிறாள் என்று பாய் வீட்டில் சொல்வதற்காக முன்னால் ஓடினேன்.