ஜோடி மோட்டார்

லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று தெருவில் பலரும் சொல்வார்கள். அது தவறு. குளிருக்கும் மழைக்கும் அஞ்சாமல் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருகிறவர் அவர். அவருக்குப் பயம் தண்ணீரில் அல்ல, தண்ணீரின் நடுவில் நின்றுபோவதில்.

காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த லிஃப்ட்காரர் யாரோ கழித்துவிட்ட ஓர் அலுமினியப் படகை மோட்டாரோடு வாங்கினார். புது மனைவியை உட்காரவைத்து ஏரிக்குள் போனார். சரியாக நடுவில் மோட்டார் இரண்டு முறை இருமியது, நின்றது. துடுப்பு கரையில் இருந்தது. வெயில் சாயும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு மீன்காரர் கயிறு கட்டி இழுத்துவந்தார். கரையில் கூட்டம். "மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்கள இறக்கி விடுற ஆளு, ஏரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாரே" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

"இனிமே நான் ஏறணும்னா, ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடணும்" என்றார்.

கோபத்தில் வந்த வார்த்தை. லிஃப்ட்காரர் அதை எழுத்தில் வந்த உத்தரவு போல எடுத்துக்கொண்டார். நிறைவேற்றத்தான் பணி ஓய்வு வரை ஆனது. இடைப்பட்ட காலமெல்லாம் அவர் தனியாகப் படகில் போய்த் தனியாகத் திரும்பினார். யாராவது பழைய கதையைக் கிளறினால் மட்டும் முகம் சிவக்கும். "மோட்டார் மேல தப்பே இல்லங்க. பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்தது." நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். இந்த வாக்கியத்தை அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு, மீன்பண்ணை ஒன்றின் கொட்டகையில் தன் மோட்டாருக்கு இரட்டைப் பிறவியைக் கண்டுபிடித்தார். அதே கம்பெனி, அதே காலத்து வார்ப்பு, அதே உரிந்த பச்சை வண்ணம். ஒரு தள்ளுவண்டியில் போர்வை போர்த்தி, நோயாளியைக் கொண்டுவருவது போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முன்னறை மனைவியின் தையல் கடை. பின்பக்கம் தகரக் கொட்டகை. இடையில் ஒரு கதவு. முன்னால் தையல் மிஷின் ஓடும், பின்னால் ரம்பம் ஓடும். லிஃப்ட்காரர் படகைக் கவிழ்த்துப்போட்டு, தளர்ந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிதாக அடித்தார். மோட்டார் தொங்கும் பின்பலகை ஊறி உளுத்திருந்தது. ஒரு மோட்டாரையே தாங்காத பலகை இரண்டை எப்படித் தாங்கும்? கெட்டி ஒட்டுப்பலகை வெட்டி மாற்றினார். இரண்டு மோட்டார்களின் கைப்பிடிகளையும் ஓர் இரும்புக் குழாயால் இணைத்தார், ஒரு கை திருப்பினால் இரண்டும் திரும்பும்படி.

பெரிய தகராறு ப்ரொப்பெல்லரில் வந்தது. பழைய மோட்டாருக்கு மூன்று இதழ். புதிதாக வந்ததற்கு இரண்டே இதழ். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தள்ளினால் படகு கோணிக்கொண்டு போகும். அலைந்து திரிந்து ஒரு மூன்றிதழைப் பிடித்தார். அதில் ஓர் இதழ் கல்லில் அடிபட்டு மடங்கியிருந்தது. சட்டைக் கழுத்து வெட்டும் அட்டையை மனைவியிடம் வாங்கி, நல்ல இதழின் வளைவை அதில் வரைந்து வெட்டி, மடங்கிய இதழை மரச்சுத்தியால் அந்த அட்டைக்குப் பொருந்தும்வரை தட்டினார். தட்டுவார், வைத்துப் பார்ப்பார், தட்டுவார். அந்தச் சத்தத்தில் என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. ஆனாலும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவரை மேதை என்று சொல்ல மாட்டேன். பொறுமைசாலி என்று சொல்லலாம்.

எதிர்க்கடை வெல்டர் மட்டும் விடமாட்டார்.

"அண்ணே, ஒரு மோட்டார் வச்சு ஒருதடவை மாட்டினீங்க. ரெண்டு வச்சா ரெண்டுதடவையா?"

"போடா, உன் வாயை முதல்ல பத்தவை."

எல்லாம் முடிந்த அன்று லிஃப்ட்காரர் மனைவியைக் கொட்டகைக்கு அழைத்தார். வேலிப்பக்கம் நின்ற என்னையும் கூப்பிட்டார். மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார்.

"பாரும்மா. ஜோடி. ஒண்ணு நின்னா இன்னொண்ணு."

படகின் நடுவில் ஒரு சிவப்பு டேங்க். அதிலிருந்து ஒரு குழாய். அந்தக் குழாய் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து இரண்டு மோட்டாருக்கும் போனது. அந்தச் செப்புக் கவட்டையை அவரே பற்றவைத்திருந்தார். மினுமினுவென்று தேய்த்தும் வைத்திருந்தார். மனைவி வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ஏங்க, அன்னிக்கு நின்னது மோட்டாரா, பெட்ரோலா?"

"பெட்ரோல்தான். எத்தனை தடவை சொல்றது? தண்ணி கலந்…"

அங்கே நின்றுவிட்டார்.

"என் கடையில ரெட்டை ஊசி மிஷின் இருக்கே, மேல ரெண்டு ஊசி, கீழ நூல் சுத்தின ஒரே பாபின். பாபின் தீந்துபோனா ரெண்டு ஊசியும் சேந்து காத்தைத்தான் தைக்கும். நீங்க பண்ணி வச்சிருக்கிறது ஜோடிங்க. நான் கேட்டது துணை."

லிஃப்ட்காரர் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். ஊர்முழுக்க லிஃப்ட்டுக்கு லிஃப்ட், கயிறு அறுந்தாலும் தனியாகப் பிடித்து நிறுத்தும் பிரேக்கைச் சோதித்தே காலம் தள்ளியவர். வாழ்நாள் முழுக்க மோட்டாரைக் குற்றமற்றது என்று வாதாடிவிட்டு, பரிகாரமாக இன்னொரு மோட்டாரை வாங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனைவியும் கதவில் சாய்ந்து சிரித்தார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"முதல்லயே காட்டினீங்களா? அட்டை வேணும்னு மட்டும்தானே வந்தீங்க."

செப்புக் கவட்டை கழன்றது. மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு டேங்க். பெட்ரோலும் வேறு வேறு பெட்ரோல் பங்க்கிலிருந்து. அது மனைவியின் நிபந்தனை.

மனைவி ஒருவழியாகப் படகில் ஏறினார். முன்பலகையில், பின்னால் பார்த்தபடி, மோட்டார்களை மேற்பார்வை செய்வதுபோல உட்கார்ந்தார். நான் கரையில் நின்றேன். பிறகு நடந்ததை இருவரும் தனித்தனியே சொன்னார்கள். அதிசயமாக இரண்டும் ஒத்துப்போயின.

நடு ஏரிக்கு வந்ததும் மனைவி, "ஒண்ணை அணைங்க" என்றாராம்.

"எதுக்கும்மா? நல்லாத்தானே ஓடுது."

"நல்லா ஓடும்போது தெரியாதே. அணைங்க."

அணைத்தார். ஒரு மோட்டார் தள்ள, படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடிகளை இணைத்த குழாயை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார். அணைத்ததை மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. இழுத்தார், இழுத்தார், உள்ளங்கை சிவந்தது. நெற்றி வியர்த்தது. மனைவி முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குத் தைரியம் இல்லை.

"கயிறை விடுங்க" என்றார் மனைவி. "இன்னொண்ணு ஓடுதுல்ல. அது போதும். அப்படியே ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஒரு மோட்டாரில், கோணிக்கோணி, அவசரமில்லாமல் ஏரியைச் சுற்றினார்கள். கரையிலிருந்து பார்க்க, நண்டு நடப்பதுபோல இருந்தது. படகு வந்து சேர்ந்ததும் வெல்டர் காத்திருந்தார்.

"என்னக்கா, மறுபடியும் நின்னுடுச்சா?"

"நின்னுச்சுப்பா. ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். இறங்கியவர் உடனே போகவில்லை. கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த அலுமினியப் பலகையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்.

"என்னம்மா அளக்கிறே?"

"மெத்தை தைக்கணும். பலகை சுடுது."