ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை தேடிப் போனேன்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போய், ஒரு பிள்ளைகூடக் கிடைக்காமல், தெருக்கொள்ளாத ஓட்டு வாக்குறுதிகளோடு திரும்பி வந்தவன் நான். அந்த வாரம் எந்தக் கட்சியாவது என்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தால் வைப்புத்தொகையாவது மிஞ்சியிருக்கும். யாரும் கூப்பிடவில்லை. அரசியலுக்கும் எனக்கும் நல்லதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஓடிய சந்துகளில் ஒன்றில் எங்கள் தமிழ்த் தொடக்கப்பள்ளி இருந்தது. தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் நின்றுவிடும். கூரை மட்டும் பேசும். வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்பாடு சொன்னால், இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்தே கற்றுக்கொண்டது. கல்வி இலாகா அதிகாரி ஒருமுறை வந்து என் மாணவர்களின் கணக்கறிவைப் பாராட்டினார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். தட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்த ஒன்றாம் வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாகக் கட்டிய ஆங்கிலப் பள்ளி ஒன்று, கான்கிரீட்டும் கண்ணாடியுமாக எழும்பி நின்று, சுற்றுவட்டாரப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்தது. இலாகாவிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்: அடுத்த ஆண்டுக்குப் போதுமான பிள்ளைகள் பதியாவிட்டால் ஒன்றாம் வகுப்பு திறக்கப்படாது. ஒன்றாம் வகுப்பு இல்லையென்றால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது. மூக்குக்கண்ணாடி மட்டும் கீழே இறங்கும். என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“தம்பி, பிள்ளையள் தானா நடந்து வராதுகள். நீர் போய்க் கதைச்சுப் பாரும்.”

“என்ன சொல்லிக் கூப்பிடுறது சார்?”

“பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும். வேற என்னத்தைச் சொல்லுறது?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். பள்ளியைப் பற்றி என்றால் பள்ளியின் வரலாறு என்று என் மூளை முடிவுகட்டியது. நாள் கணக்கில் அலைந்து விசாரித்தேன். கிடைத்த வரலாறு கொஞ்சம் சங்கடமானது. பள்ளி முதலில் மாட்டுத்தொழுவம் ஒன்றின் பாதியில் தொடங்கியிருக்கிறது. மாடுகள் பிள்ளைகளைவிட ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று சொல்லி இடத்துக்காரர் பிள்ளைகளைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கோப்பிக்கடையின் மாடி. ஆத்திசூடி ஒருபக்கம், கடுங்காப்பிக்கு “கோப்பி ஓ” என்ற கூவல் ஒருபக்கம். கடைசியாக இந்தத் தகரக் கொட்டகை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இங்கே கருவாடு அடுக்கி வைத்திருந்தார்களாம். மழைக்காலத்தில் இன்னமும் வரலாறு மணக்கும்.

இதையெல்லாம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அது மேடைத் தமிழின் காலம். கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லும் அறிவிப்பில்கூட எதுகை மோனை இருந்தது. இரண்டு புத்தகம் படித்த இளைஞன் எவனும் சாதாரணமாகத் தண்ணீர் கேட்கமாட்டான். நான் இருநூறு புத்தகம் படித்திருந்தேன். தொழுவம் ‘ஆநிரை சூழ்ந்த அறிவாலயம்’ ஆயிற்று. கோப்பிக்கடை மாடி ‘வானளாவிய வகுப்பறை’. கருவாட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதை விட்டுவிட்டேன். முழுவதையும் மனப்பாடம் செய்து, கால்வாய் ஓரம் நின்று படகுகளைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப்பையில் பேனா. அந்தக் கோலத்தில் சனிக்கிழமை காலை கிளம்பினேன். ஊரே தேர்தல் காய்ச்சலில் கிடந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சாலையில் லாரிகள் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்திக்கொண்டு போயின. அதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் தோன்றவில்லை.

பள்ளிக்குப் பின்னால் இருந்த பலகை வீடுகளில் முதல் வீடு. ஒரு பெண்மணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில், பள்ளி வயதை எட்டிய ஒரு பெண்பிள்ளை சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தது. நான் கைகூப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அன்பார்ந்த தாயே, அலைகடல் தாண்டி வந்த நம் இனம் அறிவொளி பெற்றிட, ஆநிரை சூழ்ந்த...”

“சரிங்க, போட்டுர்றோம்,” என்றார் அந்த அம்மா.

“எதை?”

“ஓட்டுதான். நேத்து வந்தவருக்கும் போடறேன்னுதான் சொன்னேன். ஒங்களுக்கும் போட்டுர்றேன், போங்க.”

“அம்மா, நான் ஓட்டுக் கேட்க வரலை. நான் வாத்தியார்.”

“நேத்து வந்தவரும் வாத்தியார்தானாம்.”

பள்ளி, பதிவு, பிள்ளை என்று நான் விளக்க முயன்றேன். அதற்குள் உள்ளேயிருந்து கைலியை இறுக்கிக்கொண்டே அவர் கணவர் வந்துவிட்டார். துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதர்.

“யாரு?”

“எலெக்‌ஷன்காரவுங்க. ஆநிரைங்கிறாரு, என்னமோ சின்னம்போல.”

“ஐயா வாங்க,” என்றார் அவர் என்னைப் பார்த்து. “மொதல்ல இந்தப் பைப்பைப் பாருங்க. ஒரு வாரமா சொட்டுத் தண்ணி இல்ல. பொம்பளைங்க அந்தக் கோடிக்குப் போயிதான் புடிக்கிறாங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுவீங்களா, மாட்டீங்களா?”

அந்த நேரத்தில் ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்திருக்க வேண்டும்? நான் ஆசிரியர், எனக்கும் குழாய்க்கும் தொடர்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நாலைந்து பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். கூட்டம். என் வாழ்க்கையில் முதல் கூட்டம். எனக்குள் இருந்த பேச்சாளன் என்னைக் கேட்காமலேயே எழுந்துகொண்டான். குழாய் வறண்டால் குலம் வறளும் என்றேன். தண்ணீர் வரும், வந்தே தீரும் என்றேன். ஒருவர் கைதட்டினார். பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. குழாய்க்காரர் வருகிறார். ஒரு வீட்டில் கூரை ஒழுகுவதைக் காட்டினார்கள். ஒரு வீட்டில் மருமகனுக்கு வேலை கேட்டார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் ஆவட்டும்ங்க, நீங்க ஜெயிச்சு வாங்க மொதல்ல” என்று தேத்தண்ணி கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் வயிறு முழுக்கத் தேத்தண்ணி. கையில் ஒரு பிள்ளை இல்லை.

முனைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, உண்மையான கட்சிக்காரர்கள் இருவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

“அண்ணே, நீங்க எந்தக் கட்சி?”

“எந்தக் கட்சியும் இல்லீங்க.”

“ஓ, சுயேச்சையா,” என்றார் மற்றவர். “தைரியம்தான் லா ஒங்களுக்கு.”

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

“ஐசே, அரசாங்கச் சம்பளம் வாங்கிற ஆள் அரசியல் கதைக்கலாமோ?”

“நான் கதைக்கலை சார். வரலாறு சொன்னேன்.”

“வரலாற்றிலை தண்ணிக்குழாய் எங்கையிருந்து வந்தது?”

நான் சட்டைப்பைப் பேனாவைச் சரிசெய்துகொண்டேன்.

“இலாகாவுக்குத் தெரிஞ்சால் வகுப்பு போறதுக்கு முதல் நீர் போவீர். பதிவுநாள் வரைக்கும் வாயைத் திறவாதேயும்,” என்றார். பிறகு குழாய் விஷயத்தை அவரே கையிலெடுத்து, உரிய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் எப்போது பழுதுபார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பயத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பதிவுநாள் வந்தது. பள்ளி முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். எட்டு மணிக்கு யாருமில்லை. ஒன்பது மணிக்கு ஒரு பூனை வந்தது, அதுவும் தங்கவில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நான் மனத்துக்குள் மாமனாருக்கு ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதிலும் எதுகை மோனை வந்தது.

பத்து மணி வாக்கில் துணி அலசிய அந்த அம்மா வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு சோப்பு நுரை ஊதிய பெண்பிள்ளை. அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதற்குப் பின்னால் கூரை ஒழுகிய வீடு, மருமகன் வீடு. வாசல் வரை வரிசை. இடுப்பில் இருந்த குழந்தையையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒருவர் கேட்டார். மதியத்துக்கெல்லாம் வகுப்பு நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

என் நடையே மாறிவிட்டது. ஆநிரை பலித்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமைப் பேச்சு அடிமனத்தில் இறங்கி, மெல்ல வேலை செய்திருக்கிறது. அதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்கவும் ஆசை வந்தது. ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாள், மகளை விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்த அந்த அம்மாவிடம் போனேன்.

“அம்மா, அன்னைக்கு நான் பேசினது மனசுல பட்டுச்சா?”

“என்ன பேசினீங்க?”

“பள்ளிக்கூடத்தைப் பத்தி. தமிழைப் பத்தி.”

அவர் கொஞ்சம் யோசித்தார். மரியாதைக்காகவாவது ஏதாவது ஞாபகம் வருமா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது.

“அதெல்லாம் எனக்கு வெளங்கல சார். எலெக்‌ஷன் லாரி எல்லாம் என்னா வேகத்துல போச்சு பாத்தீங்கல்ல. அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்குன்னா புள்ள பெரிய ரோட்டத் தாண்டணும். ஒங்களுது இந்தப் பக்கமா இருக்கு.”